மென்பொருள் படிக்கும் மகளும் மூன்று மாடிக் குழாயும்

அன்புள்ள மைத்துனனுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. மூன்றாம் மாடியில் நானும் உன் அக்காவும் நலம். எங்களுக்குக் கீழே குடியிருப்பவர்களின் நலத்தைப் பற்றிக் கடிதம் போகப்போகத் தெரிந்துகொள்வாய். உன்மேல் கோபம் இருந்தாலும் நீயும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

கோபம் எதற்கென்றால், என் மகளை இந்தப் படிப்பில் சேர்த்துவிட்டது கல்லூரியில் பாடம் நடத்தும் நீதான். "மென்பொருள் இயற்பியல், அத்தான், நல்ல எதிர்காலம்" என்று நீ போனில் சொன்னபோது எனக்கு முதல் சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. முப்பத்திரண்டு வருடம் பேருந்து நிலைய ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்த காது. மகள் மென்பொருள் படிக்கிறாள் என்று நானும் கட்டடம் முழுக்கப் பெருமையடித்து வைத்தேன். போன மாதம் தரைத்தளத்து வீட்டுக்கார அம்மா தன் கம்ப்யூட்டரைக் குழந்தை மாதிரி இடுப்பில் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க மேலே வந்துவிட்டார்.

"ரெண்டு நாளா எந்திரிக்கவே மாட்டேங்குது, கொஞ்சம் பாரும்மா."

"ஆன்ட்டி, நான் படிக்கிறது அந்த மென்பொருள் இல்ல. ஜெல்லி, பசை, சோப்பு நுரை மாதிரி, கெட்டியும் இல்லாம தண்ணியும் இல்லாம இருக்கே, அது. இதுல எனக்குத் தெரிஞ்சது திரைக்குள்ள இருக்கிற திரவப் படிகம் மட்டும்தான். தண்ணி மாதிரி ஓடும், ஆனா வரிசையா நிக்கும்."

"அது ஓடட்டும், நிக்கட்டும். இது ஏன் ஓடல?"

அன்றிலிருந்து அந்த அம்மாவின் கண்ணில் நான் ஒரு புளுகன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆய்வகத்தில் வெள்ளையடிக்கிறார்கள் என்று மகள் ஒரு பெரிய டப்பா வெள்ளைப் பொடியை வீட்டில் கொண்டுவந்து வைத்தாள். குழந்தைகளின் டயப்பருக்குள் இருப்பதாம். நீள நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளாம். ஒரு கைப்பிடி போட்டால் ஒரு வாளித் தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பி உட்காருமாம். புத்தியுள்ள பெண் இதைக் குளியலறைப் பக்கம் வைப்பாளா? ஞாயிற்றுக்கிழமை காலை அது எப்படியோ கழிவுநீர்க் குழாய்க்குள் போய்விட்டது.

கால் மணி நேரத்தில் மூன்று மாடிக் குழாயும் அடைத்துக்கொண்டது. இரண்டாம் மாடித் தையல்காரர் தலை நிறையச் சோப்போடு குளித்துக்கொண்டிருந்தவர், காலடியில் கண்ணாடிக் கூழ் பொங்கி வருவதைப் பார்த்து, துண்டோடு படியில் ஓடிவந்தார். "அய்யோ, உயிரோட ஏதோ வருது!" என்று அவர் போட்ட கூச்சலில் கட்டடமே கூடிவிட்டது. வீட்டுக்கார அம்மா கணுக்கால் ஈரத்தோடு ஏறிவந்து, "வெள்ளிக்கிழமைக்குள்ள காலி பண்ணுங்க!" என்றார். இந்த வயதில் சாமான் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

மகள் மட்டும் பதறவில்லை. "யாரும் தண்ணி ஊத்தாதீங்க! வீட்ல இருக்கிற உப்பையெல்லாம் கொண்டு வாங்க. உப்பு பட்டா அது குடிச்சதைக் கக்கிடும்!" தையல்காரர் சோப்புத் தலையோடு முதல் பொட்டலத்தைக் கொண்டுவந்தார். எல்லா வீட்டு உப்பையும் கெட்டியாகக் கரைத்து ஒவ்வொரு மாடியிலும் ஊற்றினோம். கூழ் சுருங்கிக்கொண்டே வந்தது. மத்தியானம் குழாய் 'களக்' என்று ஒரு பெரிய ஏப்பம் விட்டது. கட்டடமே கைதட்டியது. வீட்டுக்கார அம்மா மட்டும் தட்டவில்லை.

ஆகவே நீயே வந்து உன் மருமகளைக் கூட்டிக்கொண்டு போ. இரும்பு, கருங்கல் என்று கெட்டியாக ஏதாவது படிக்க வை.

உன் வீட்டுக் குழாய்கள் தடையின்றி ஓட வாழ்த்தும்,
அத்தான்

பி.கு.: உன் அக்கா இதைப் படித்துவிட்டு, "எப்படியோன்னா எப்படி? ஒழுங்கா எழுதுங்க" என்று முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள். சரி. டப்பாவின் மேல் 'தண்ணீரில் கொட்டாதீர்கள்' என்று சிவப்பில் எழுதியிருந்ததாம். நான் கண்ணாடி போட்டிருக்கவில்லை. குளியலறை கழுவும் பொடி என்று நினைத்து முழு டப்பாவையும் கொட்டித் தேய்த்தேன். நுரை வரவில்லையே என்று நாலு வாளித் தண்ணீரும் ஊற்றினேன். வீட்டுக்கார அம்மா இப்போதுதான் வந்து போனார். மகள் எத்தனை வருடம் வேண்டுமானாலும் இருக்கலாமாம். உன் அக்காவும் இருக்கலாமாம். அதனால் மகளைக் கூட்டிப்போக வர வேண்டாம். வெள்ளிக்கிழமைக்குள் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ.