ஒன்பது மணி டோபமின்

ஒன்பது மணி வேலைக்குப் பதினான்கு பேரில் பதினொரு பேர் அன்றும் தாமதம். புக்கிட் மேராவில் பதினோராவது மாடியில் இருந்த அந்தச் சரக்கு நிறுவனத்தின் மனிதவள மேலாளர் நிரஞ்சனா. மாத முடிவுக்குள் இதைச் சரிசெய்யாவிட்டால் பதவி உயர்வை மறந்துவிட வேண்டியதுதான் என்று இயக்குநர் சொன்னதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பயிற்சி வகுப்பு ஒன்றுக்குப் போனாள். பழக்கத்தை உண்டாக்குவது புத்திமதி அல்ல, டோபமின் என்கிற ஹார்மோன்தான் என்றார் பயிற்சியாளர் ரமணன். வந்ததும் வாய்க்கு ருசியாக ஏதாவது கிடைத்தால், மறுநாள் மூளையே ஆளை இழுத்துக்கொண்டு வந்துவிடுமாம்.

"அவங்க சொல்ற காரணத்தை மட்டும் கேட்டுடாதீங்க. காரணம் சொல்றதும் ஒரு பழக்கம்தான்."

மறுநாள் தேக்கா சந்தையிலிருந்து சுடச்சுடக் கறிபஃப் வந்தது. முதலில் வரும் ஐந்து பேருக்கு மட்டும். கணக்காளர் ஷங்கர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நிரஞ்சனா கையமர்த்திவிட்டாள்.

ஒரே வாரத்தில் எல்லாரும் ஏழு மணிக்கே வந்தார்கள். மதியம் மூன்றுக்கெல்லாம் மேசையில் தலைசாய்த்துக் குறட்டை விட்டார்கள்.

ரமணனைப் போனில் பிடித்தாள். நேரம் தெரிந்த பரிசு மூளைக்குச் சலித்துவிடும், நினைத்தபோது கொடுங்கள் என்றார் அவர். கொடுத்தாள். அதன்பின் கறிபஃப் வைத்திருந்த பேன்ட்ரி கதவு கிரீச்சிட்டால் போதும், பதினான்கு பேரும் எழுந்து நின்றார்கள். வாடிக்கையாளர்களின் அழைப்பு அடித்து அடித்து ஓய்ந்தது.

எரிச்சலில் கறிபஃப்பையே நிறுத்தினாள். பழைய தாமதம் திரும்பி வந்தது. அப்படியானால் கொஞ்சம் கார்ட்டிசோல் ஏற்றிப் பாருங்கள் என்றார் ரமணன். பயமுறுத்தச் சொல்கிறார் என்று புரிய அவளுக்கு ஒரு நிமிடம் பிடித்தது. தாமதமாக வருகிறவர்களின் படம் தானாகப் பெரிய திரையில் தெரியும்படி செய்தாள். ஷங்கர் நகம் கடிக்கப் பழகினார். ஐந்து பேர் மருத்துவரிடம் எம்சி வாங்கி விடுப்பு எடுத்தார்கள். மூன்றாம் நாள், சாவகாசமாகப் பத்தரைக்கு வந்த இயக்குநரின் படமும் திரையில் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் அவளுடைய கார் வொர்க்‌ஷாப்பில் கிடந்தது. வழக்கமாக அடித்தளக் கார்நிறுத்தத்திலிருந்து நேராக மேலே போகிறவள், அன்று ரயிலில் வந்து, எட்டே முக்காலுக்கு முன்வாசல் வழியாக நுழைந்தாள். உள்ளே பாம்பு போல வளைந்து ஒரு வரிசை. நடுவில் ஷங்கர் நகம் கடித்துக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டி முன்னால் போகப் பார்த்தவளைக் காவலாளி செல்வராஜ் பணிவாகத் தடுத்தார்.

"பின்னாடி நில்லுங்க மேடம். உங்க ஆளுங்கல்லாம் எட்டரைக்கே வந்து நிக்கிறாங்க, மூணு மாசமா இந்தப் பக்கம் ஒரு லிஃப்ட்தான் ஓடுது லா."