குலுக்கிக்குடி கம்பவுண்டர்

எழுத வராதவள் எழுதுகிறேன். ஐந்தாம் கிளாஸோடு நின்ற படிப்பு, ஞாபகமும் விட்டுப்போகிறது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடியிலிருந்து பெரியதாழை வரைக்கும் குலுக்கிக்குடி கம்பவுண்டரைப் போலப் பயந்த மனிதர் பிறந்ததே இல்லை. கடற்கரையோரத் தர்ம ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குகிறவர். எல்லோரிடமும் "குலுக்கிக் குடி" என்று சொல்லிச் சொல்லி அதுவே பட்டப்பேராகிவிட்டது. உண்மையில் நாங்கள் குலுக்க வேண்டியதே இல்லை. அவர் கை நடுங்குகிற நடுக்கத்தில் சீசா நுரைத்துக்கொண்டுதான் வரும். பல்லிக்குப் பயம். ஊசிக்குப் பயம், குத்துகிறது அவர்தான், ஆனாலும் கண்ணை மூடிக்கொள்வார், நாங்கள்தான் முழித்துப் பார்த்து இடம் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதினால் மேசைக்கு அடியில் இருப்பார்.

எழுபதுகளில் ஒரு மழைக்காலம். எனக்கு ஏழாம் மாதம், தலைப்பிள்ளை. உதிரம் பட்டதால் அசையாமல் படுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியை நடத்திய சிஸ்டரம்மா சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரர் தோணியில் கொழும்புக்குப் போயிருந்தார். ஆஸ்பத்திரியில் கட்டில் பன்னிரண்டு. வராந்தாவில் பாயில் கிடந்த இல்லாதப்பட்டவர்கள் நாற்பது பேருக்கு மேல். அதில் நானும் ஒருத்தி.

ஏழைகளைப் பார்க்கிற இடம் என்று கவர்ன்மெண்ட் மானியம் கொடுத்துவந்தது. எங்கள் கஞ்சியும் மருந்தும் அதில்தான். அதைக் கூட்டுவதா குறைப்பதா என்று பார்க்கத் திருநெல்வேலியிலிருந்து ஓர் ஆபீசர் வந்தார். அன்று காலையிலிருந்தே கம்பவுண்டரைக் காணவில்லை.

பூட்ஸ் சத்தம் கேட்டதும், காலியாகக் கிடந்த என் பக்கத்துப் பாயில் யாரோ தொப்பென்று விழுந்து தலையோடு போர்த்திக்கொண்டார்கள்.

"ஏளா, காட்டிக் குடுத்துராத. ஆபீசர் ஏதும் கேட்டா எனக்கு உசிரு போயிரும்."

குரலை வைத்துத்தான் ஆள் தெரிந்தது.

ஆபீசர் கையில் ஃபாரத்தோடு வராந்தாவைப் பார்த்தார். "கட்டில் பன்னிரண்டு. மானியமும் பன்னிரண்டு பேருக்குத்தான் சிஸ்டர். தரையில கிடக்கவங்களச் சேர்க்க முடியாது."

"அப்ப இவங்கள என்ன செய்ய?" சிஸ்டரம்மா கேட்டார்கள்.

"பாளையங்கோட்டைக்கு அனுப்புங்க. பஸ் ஓடுதுல்லா."

முப்பது மைல், குண்டும் குழியுமான ரோடு. பிள்ளை தங்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வாய்விட்டு அழக்கூட வெட்கம். பக்கத்தில் அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டேன். அது கம்பவுண்டரின் கை. அந்நிய ஆண் கை என்று அப்போது உறைக்கவில்லை. இரண்டு பேர் நடுக்கமும் சேர்ந்து பாயே சரசரத்தது.

போர்வை மெல்ல எழுந்து நின்றது. ஆபீசர் இரண்டடி பின்னால் போனார்.

"சார்," என்றது போர்வை, "ஃபாரத்துல கட்டில்னா போட்டிருக்கு?"

ஆபீசர் பார்த்தார். "படுக்கைகள் எண்ணிக்கைன்னு இருக்கு."

"உங்க வீட்டுல பாய விரிக்கச் சொல்லணும்னா, படுக்கையப் போடுன்னுதான சார் சொல்லுவிய?"

"யாருய்யா நீ? என்ன சீக்கு?"

"சீக்கு இல்ல சார், கம்பவுண்டரு. இந்தப் பாய எண்ணுங்க, என்னைய எண்ணிராதிய. இதுக்குரிய ஆச்சி கக்கூசுக்குப் போயிருக்காவ."

ஆபீசர் சிரிக்கவில்லை. ஃபாரத்தை இன்னொரு தடவை படித்தார். பிறகு வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போய் ஒவ்வொரு பாயாக எண்ணிக்கொண்டு வந்தார். என்னைத் தாண்டும்போது "பதினேழு" என்றார்.

ஜீப் போன பிறகும் போர்வை இறங்கவில்லை. "ஏளா, போயிட்டாரா?"

"போயிட்டார் அண்ணாச்சி."

"நெசமாவா?"

"மாதா மேல சத்தியமா."

"எதுக்கும் ஒரு வாட்டி எட்டிப் பாரேன்."

"நான் அசையக் கூடாதுல்லா அண்ணாச்சி."

மத்தியானக் கஞ்சிக்குத்தான் முகத்தைக் காட்டினார்.

யாரையும் அனுப்பவில்லை. மாசி மாதம் மகள் பத்திரமாகப் பிறந்தாள்.

கட்டில் பன்னிரண்டா பதினான்கா, வந்தது ஜீப்பா காரா, எனக்கு நிச்சயமில்லை. அப்போது அங்கே இருந்தவர்கள் சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். அவருடைய சொந்தப் பேரையும் யாராவது விசாரித்துச் சொன்னால் புண்ணியம். கல்லறைத் திருநாள் பூசைக்கு இறந்தவர்கள் பேர் எழுதிக் கொடுக்கும்போது, எங்கள் அப்பா அம்மாவுக்கு அடுத்தபடியாக "கம்பவுண்டர்" என்றுதான் இத்தனை வருஷமும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.