அலமாரிக்குள் இரண்டு சூரியன்கள்

உங்கள் வீட்டில் எத்தனை சூரியன்? ஒன்றுதான் என்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். எங்கள் வீட்டில் மூன்று. ஒன்று வழக்கம்போல வெளியே. மற்ற இரண்டும் படுக்கையறை அலமாரிக்குள்.

அந்த அலமாரியில் முன்பு என் துணிமணிகள் இருந்தன. ஒருநாள் அவை கட்டிலுக்கு அடியில் குடியேறின. காலியான இடத்தில் பதினோரு தக்காளிச் செடிகள் வந்து உட்கார்ந்தன. அவற்றின் தலைக்கு மேல் ஊதா நிறத்தில் எரியும் இரண்டு செடி விளக்குகள், காற்று வாங்க ஒரு குட்டி ஃபேன், சுற்றிலும் பளபளவென்று வெள்ளித்தாள். எங்கள் மகளுக்கு இரண்டு வயது. அவளுக்குக்கூட அவள் அப்பா இத்தனை உபசாரம் செய்ததில்லை.

என் வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். "வெளிச்சத்தைப் பத்தி எங்கிட்டப் பேசாதே" என்று நாளுக்கு நாலு தடவை சொல்வார். வெயில் படாமலே தக்காளி பழுக்க வைத்துக் காட்டுவதாகக் கடை முதலாளியிடம் சவால் விட்டிருந்தார். முதல் மூன்று பூவையும் போட்டோ எடுத்துக் கடைச் சுவரிலேயே மாட்டிவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவருக்குப் பூ தெரிந்தது. எனக்கு ஒயர்தான் தெரிந்தது. சுவரில் ஒரு பிளக். அதிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அந்த பாக்ஸின் முதுகில் இன்னொரு பாக்ஸ். அதில் விளக்கு, ஃபேன், போனிலேயே செடியைப் பார்க்க ஒரு கேமரா என்று ஒரு கூட்டுக் குடும்பமே தொங்கிக்கொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் மெத்தை போட்ட மாதிரி பழைய செய்தித்தாள் கட்டு.

ஒருநாள் பெருக்கும்போது பாக்ஸைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி கொதித்தது.

"என்னங்க, இங்க வந்து பாருங்க. ஓட்டையைச் சுத்திக் கருகியிருக்கு."

"அது அழுக்கு."

"அழுக்குக்கு ரப்பர் கருகுற வாடை எப்படி வரும்?"

"இது எல்இடிம்மா. சூடே ஆகாது."

"விளக்கு சூடாகலை. பாக்ஸ் சூடாகுதே!"

"வெளிச்சத்தைப் பத்தி எங்கிட்ட..."

"நான் வெளிச்சத்தைப் பத்திப் பேசலை. நெருப்பைப் பத்திப் பேசறேன்."

ஞாயிற்றுக்கிழமை மாற்றிவிடுவதாகச் சொன்னார். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லவில்லை. ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறவருக்குத் தன் வீட்டுக் கருகல் மட்டும் கண்ணில் விழவில்லை. படுக்கப்போகும் முன் நானே அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் படுப்பேன்.

இந்த நிலையில், வீடு மாறுகிற என் அண்ணனுக்கு ஒத்தாசையாக நாங்கள் நாலு நாள் போக வேண்டியிருந்தது. எனக்கு மேல் வீட்டு நினைப்புதான் வந்தது. எங்கள் கூரைதான் மேல் வீட்டுத் தையல்கார அக்காவுக்குத் தரை. அந்த வீடு முழுக்கத் துணி மூட்டை. நடுவில் தொட்டிலில் ஒரு கைக்குழந்தை.

"பூட்டின வீட்டில அந்த விளக்கு எரியக் கூடாது" என்றேன்.

"நாலு நாள் இருட்டில விட்டா பூவெல்லாம் உதிர்ந்துடும்மா!"

"பூ உதிர்ந்தா மறுபடி பூக்கும். மேல் வீட்டுக் குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

கையிலிருந்த போனை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "சரிம்மா. நீ சொன்னா சரி" என்றார்.

கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவர் ஒரே பேச்சில் சரி என்றது அதுதான் முதல் தடவை. பூனை இவ்வளவு சாந்தமாக உட்கார்ந்தால் உடனே பால் சட்டியைப் போய்ப் பார்க்க வேண்டும்.

கிளம்புகிற காலையில் என்னை அலமாரி முன்னால் நிறுத்தினார். "கண்ணால பார்த்துக்கோ. அப்புறம் பஸ்ஸில வந்து கேக்கக் கூடாது." போனை எடுத்து ஒரு தட்டுத் தட்டினார். விளக்கு அணைந்தது.

போனில் அணைத்ததைப் போனிலேயே எரிய வைக்கலாம். இது எங்கள் மகளுக்கே தெரியும். ரிமோட்டை வைத்துக்கொண்டு டிவியை அவள் படுத்துகிற பாடு அப்படி.

"அடடா, பாப்பா தொப்பியை மறந்துட்டேன்" என்று வாசலிலிருந்து திரும்ப உள்ளே ஓடினேன். தொப்பி என் பையில்தான் இருந்தது. ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தேன்.

பஸ் கிளம்பியது. பத்து நிமிஷம் நல்ல பிள்ளையாக இருந்தார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பி, தேர்வில் காப்பி அடிக்கிற பையன் மாதிரி, மடிக்குள் போனை வைத்துத் தட்டினார். மறுபடி தட்டினார். கேமராவைத் திறந்தார். ஒரே கறுப்பு. அவர் முகமும் கூடவே கறுத்தது.

"என்னங்க இப்படி வேர்க்குது?"

"காத்தே இல்லைம்மா."

"ஜன்னல் திறந்துதானே இருக்கு?"

இன்னும் நாலு தட்டு. பிறகு, "ஏம்மா, அந்தக் கருகல்... நெஜமாவே கருகலா இருக்குமோ?"

"நீங்கதானே அழுக்குன்னீங்க?"

"வாடை வந்துதுன்னியே. ரொம்பவா?"

"அதை ஏன் இப்பக் கேக்கறீங்க? அதான் அணைச்சாச்சே."

பாவமாகத்தான் இருந்தது. பாவம் இன்னும் இரண்டு நிறுத்தம் பொறுக்கும் என்று பாப்பாவுக்கு பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் மனுஷன் துள்ளி எழுந்துவிட்டார்.

"வண்டியை நிறுத்துங்க! என் வீடு எரியுது!"

விசில் பறந்தது. பஸ் குலுங்கி நின்றது. கண்டக்டர் ஓடி வந்தார்.

"யார் சார் போன் பண்ணிச் சொன்னா?"

"யாரும் சொல்லலை. போன் ஒண்ணுமே சொல்லலை, அதனாலதான் தெரிஞ்சுது!"

"வீட்ல யார் இருக்கா?"

"யாரும் இல்லை. விளக்கு மட்டும்தான்."

"அணைச்சுட்டு வரக் கூடாதா?"

"அணைச்சுட்டுத்தான் வந்தேன். மறுபடி போட்டுட்டேன்."

"எங்கேயிருந்து?"

"உங்க பஸ்ஸிலேருந்து."

கண்டக்டர் என்னைப் பார்த்தார். என் வீட்டுக்காரரும் என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "மேல் வீட்டுக் குழந்தை... நீ அப்பவே சொன்னியேம்மா. நான்தான் பாவி."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. பையைத் திறந்தேன். பால் புட்டிக்கும் தொப்பிக்கும் அடியிலிருந்து, ஒயர் சுற்றிய அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்து அவர் கையில் வைத்தேன். சுவரோடு இருந்ததை அப்படியே பிடுங்கிக்கொண்டு வந்திருந்தேன். இனி அவர் பஸ்ஸிலிருந்து தட்டினாலும் சரி, நிலாவிலிருந்து தட்டினாலும் சரி, விளக்கு எரியாது.

கருகிய ஓட்டையை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "கருகல்தான்" என்றார். பஸ்ஸே சிரித்தது. உயிர் வந்த மாதிரி அவரும் சிரித்தார். அடுத்த நிமிஷம் முகம் மாறியது.

"அப்போ என் தக்காளி?"

"சமையலறை ஜன்னலோரம், தண்ணித் தட்டில சுகமா உட்கார்ந்திருக்கு. நல்ல வெயில்."

"வெயிலா! ஐயோ, முதலாளிகிட்ட நான் விட்ட சவால்!" என்று தலையில் கை வைத்தவர், "அப்படின்னா கேமராவுக்கு மட்டும் தனியா ஒரு பாக்ஸ்..." என்று மறுபடி போனை எடுத்தார்.

கண்டக்டர் என் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா, அந்த பாக்ஸை உள்ள வைக்கும்போது அந்தப் போனையும் வாங்கிப் பையில போட்டுடுங்கம்மா. வண்டி நேரத்துக்குப் போய்ச் சேரணும்."