உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்த அறை

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கு எல்லோரும் நலம், என்னைத் தவிர. அதற்குக் காரணம் நீங்கள்தான். "இந்த ஊரிலேயே முதல் லேடி ஆர்க்கிடெக்ட், கெட்டிக்காரப் பொண்ணு, புது வீட்டு வேலையை நம்பிக் கொடுங்க" என்றீர்கள். கொடுத்தேன்.

முன்பக்கம் இரண்டு பெரிய தூண், ஐம்பது பேர் உட்காரும் கூடம் என்று நானே படம் வரைந்து நீட்டினேன். அந்தம்மா அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, "போன மாசம் உங்க வீட்டுக்கு எத்தனை பேர் வந்தாங்க சார்?" என்று கேட்டார். பால்காரரையும் சேர்த்து மூன்று. கூடம் அங்கேயே சுருங்கிவிட்டது. பிறகு நேராகச் சமையலறைக்குப் போய், உங்கள் தங்கையை நிற்க வைத்து முழங்கை உயரத்தை டேப்பால் அளந்து, "மேடை ரொம்ப உயரமா இருக்கே, தோள் வலிக்கலையா?" என்றார். "இருபத்தாறு வருஷமா வலிக்குது" என்றாள். எனக்கு அன்றுதான் தெரியும். "வேற என்ன வேணும்?" என்று அவர் கேட்டதும், "எனக்குன்னு ஒரு ரூம். உள்பக்கம் தாழ்ப்பாளோட" என்றாள். யாருக்குப் பயந்து தாழ்ப்பாள், மச்சான்? வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர்!

கொத்தனாராவது என் பக்கம் நிற்பார் என்று நம்பினேன். "பொம்பளை சொல்லி நான் சுவர் வைக்கிறதா?" என்று முதல் நாள் அவரும் மீசையைத் தடவினார். சுவர் ஆள் உயரம் எழும்பியதும் அந்தம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சாரத்தில் ஏறி, தூக்குக்குண்டை விட்டுக் காட்டினார். சுவர் இரண்டு விரற்கடை சாய்ந்திருந்தது. பிரித்துக் கட்டினார்கள். இப்போது நான் எதைச் சொன்னாலும் கொத்தனார், "அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன் சார்" என்கிறார். கூடத்தில் வெட்டிய இடத்தில் அந்தத் தாழ்ப்பாள் அறை எழும்பிவிட்டது. ஆகவே நீங்களே பக்குவமாகப் பேசி அந்தம்மாவை விலக்கிவிடுங்கள்.

பெரியவர்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உங்களுக்கு இரண்டும் இப்போதைக்கு இல்லை.

இப்படிக்கு,
சொந்த வீட்டில் சொல் எடுபடாத
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: தபாலில் போடுமுன் அந்தம்மாவிடம் நேரிலேயே சொல்லிவிடலாம் என்று கட்டடத்துக்குப் போனேன். அந்த அறைக்கு இன்னும் கூரையும் இல்லை, கதவும் இல்லை. உங்கள் தங்கை ஜன்னல் திட்டில் உட்கார்ந்து, அந்தம்மாவிடம் எதையோ சொல்லிக் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்து எத்தனையோ நாளாயிற்று. மேலே எழுதிய எதையும் செய்துவிடாதீர்கள். இவ்வளவு எழுதிவிட்டோமே என்றுதான் அனுப்புகிறேன். அப்போது அந்த அறையின் நிலைப்படியருகே நின்று, "வரலாமா?" என்று கேட்டேன்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.