மூட்டு வளர்க்கும் அண்ணாச்சி

நோயாளிகள் ஓர் இனம், வைத்தியர்கள் ஓர் இனம். இரண்டுக்கும் நடுவில், கட்டிலுக்கும் வாசலுக்கும் இடையே, மூன்றாவதாக ஓர் இனம் நடமாடுகிறது. அதற்கு இன்னும் யாரும் பெயர் வைக்காததால் நானே வைத்துவிடுகிறேன்: கத்திவிலக்கி. டாக்டர் வாயிலிருந்து ‘ஆபரேஷன்’ என்ற சொல் விழுந்த அன்று சாயங்காலமே, கையில் நாலு சாத்துக்குடியும் முகத்தில் ஒரு பெரிய கவலையுமாக வந்து நிற்பாரே, அவரேதான். உங்களுக்கு அப்படி யாரையும் தெரியாதா? அப்படியானால் நீங்கள் இன்னும் ஆஸ்பத்திரியில் படுக்கவில்லை, அவ்வளவுதான்.

கத்திவிலக்கி வைத்தியத்துக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு வைத்தியம் என்றால் உயிர். வெட்டுவதுதான் ஆகாது. உடம்பில் எது தேய்ந்தாலும், கிழிந்தாலும், உடைந்தாலும், சும்மா விட்டால் திரும்ப வளர்ந்துவிடும் என்பது அவர் கட்சி. எங்கள் டவுன் மந்திரமூர்த்தி அண்ணாச்சி இதை இன்னும் சுருக்கமாகச் சொல்வார்: “வெட்டுனா போச்சு, விட்டா வளரும்.” இதைச் சொல்லிவிட்டு, கேட்டவர் முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்ப்பார். பல பேர் அந்தப் பார்வையிலேயே எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

அண்ணாச்சி வார்டுக்குள் நுழைகிற அழகே தனி. முதலில் எக்ஸ்ரே படத்தைக் கேட்டு வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, “ம்” என்று ஒரு ம் போடுவார். அடுத்து, “டாக்டர் யாரு?” என்பார். நீங்கள் எந்தப் பெயரைச் சொன்னாலும் சரி, “அவனா?” என்பார். இதற்குள் உங்களுக்குப் பாதி உயிர் போயிருக்கும். மீதி உயிரைக் காப்பாற்ற, திசையன்விளையில் ஒருவர் இருப்பதாகச் சொல்வார். இதே வியாதி, இதே வயது, நாளைக்கு ஆபரேஷன் என்று இருந்தவர், இன்றைக்குக் குதிரை மாதிரி நடமாடுகிறாராம். திசையன்விளைக்கே போய் விசாரித்தால் என்ன ஆகும் என்கிறீர்களா? அங்கே ஓர் அண்ணாச்சி இருந்து, விக்கிரமசிங்கபுரத்தில் ஒருவர் இருப்பதாகச் சொல்வார்.

அந்த வருஷம் அண்ணாச்சியைக் கையில் பிடிக்க முடியவில்லை. சீமையில் எவனோ ஓர் ஆட்டின் மடியிலிருந்து துளிச் சதை எடுத்து, அதிலிருந்து இன்னொரு முழு ஆட்டையே உண்டாக்கிவிட்டான் என்று தொண்ணூற்றேழில் பேப்பரில் வந்ததே, அந்தச் செய்தியைப் படித்த நாள் முதல் அண்ணாச்சி அந்த ஆட்டைத் தானே மேய்த்து வளர்த்தவர் போலத்தான் நடந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பிரம்மநாயகி டீச்சர் குறுக்குத்துறை ஆற்றுப் படியில் வழுக்கி விழுந்தாள்.

பிரம்மநாயகி எங்கள் எதிர்வீடு. எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள். முழங்காலுக்குள் சவ்வு கிழிந்து மடங்கிக்கொண்டதால் காலை நீட்டவும் முடியவில்லை, ஊன்றவும் முடியவில்லை. பாளையங்கோட்டை எலும்பு டாக்டர் நேசையா பார்த்துவிட்டு, புதன்கிழமை ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். செவ்வாய் சாயங்காலமே அண்ணாச்சி கிடைத்துவிட்டார்.

“என்ன வே குத்தாலிங்கம், பொண்டாட்டி காலை அறுக்கக் குடுத்துட்டு இங்கன உக்காந்து காப்பி குடிக்கீரு?” என்றார், டீச்சரின் புருஷனைப் பார்த்து.

குத்தாலிங்கம் மின்வாரியத்தில் வேலை பார்க்கிறவர். கம்பத்தில் ஏறச் சொன்னால் ஏறுவார். ரத்தம் என்று எழுதிக் காட்டினாலே மயங்கிவிடுவார்.

“டாக்டர் சொல்லுதாரே அண்ணாச்சி, சவ்வு கிழிஞ்சிட்டுன்னு…”

“கிழிஞ்சா வளராதா? பல்லிக்கு வால் வளருதுல்லா? முழு ஆட்டையே வளத்துட்டான் வே வெள்ளக்காரன்! ஒரு மூட்டுச் சவ்வு எம்மாத்திரம்? ஆட்டுக்கால் சூப்பு வச்சுக் குடும், சவ்வுக்குச் சவ்வு பைய வளந்திரும்.”

டீச்சர் கட்டிலிலிருந்து அண்ணாச்சியை ஒரு பார்வை பார்த்தாள். வீட்டில் முட்டைகூட நுழையாத சைவக் குடும்பம். அண்ணாச்சியும் அதே சைவம்தான் என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

“சரி, அது வேண்டாம். வெண்டைக்காய். அதுல இருக்கிற வழுவழுப்பு நேரா மூட்டுக்குத்தான் போவும், பாத்துக்கிடும்.”

“எனக்கு ஆபரேஷனே இருக்கட்டும் அண்ணாச்சி,” என்றாள் டீச்சர்.

“தங்கச்சி பயத்துல பேசுதா,” என்றார் அண்ணாச்சி, குத்தாலிங்கத்தைப் பார்த்து.

யார் பயந்தது? இங்கேதான் கத்திவிலக்கியின் முழுச் சாமர்த்தியமும் இருக்கிறது. நம் பயத்தை நாம் வெளியே சொல்ல வெட்கப்படுகிறோம். அவர் வந்து அதற்கு அறிவு என்று பெயர் வைத்துத் தருகிறார். குத்தாலிங்கம் அந்த அறிவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, அன்றைக்கே டீச்சரை டாக்ஸியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அப்புறம் என்ன? வெண்டைக்காய்ப் பச்சடி, வெண்டைக்காய் மோர்க்குழம்பு, விடிந்ததும் வெறும் வயிற்றில் வெண்டைக்காய் ஊறிய தண்ணீர். முழங்காலில் பிரண்டைப் பற்று. வெண்டைக்காய் தின்றால் கணக்கு வரும் என்று நம் வீடுகளில் சொல்வது உண்டு. கணக்கு டீச்சருக்கு இனி என்ன கணக்கு வர வேண்டியிருக்கிறது? கால்தான் வரவில்லை. தொடை இளைத்தது, முட்டி வீங்கியது. அண்ணாச்சி தினம் வந்து வீக்கத்தைத் தடவிப் பார்த்து, “பாத்தீரா, வளருது!” என்றார்.

பங்குனி போய், சித்திரை போய், பள்ளிக்கூடம் திறக்க இன்னும் சில நாள்தான் என்று ஆனது. குத்தாலிங்கம் வேலைக்குப் போன நேரத்தில் டீச்சர் என் வீட்டுக்காரியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஆட்டோவில் நேசையா டாக்டரிடம் போனாள். அவர் காலைப் பார்த்ததும் கத்திவிட்டார்.

“இன்னும் தள்ளிப்போட்டா மூட்டே தேஞ்சிரும்மா. அப்புறம் ஆயுசுக்கும் கம்புதான். மதுரையில இப்ப புது மெஷின் வந்திருக்கு. ரெண்டு சின்ன ஓட்டை போட்டு, குழாய விட்டு, கிழிஞ்ச துண்டை எடுத்துருவாங்க. உடனே போங்க.”

திரும்பி வந்து எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தவள் வாய்விட்டு அழுதாள். “எனக்கு நிக்கணும். போர்டு முன்னால நின்னு பாடம் எடுக்கணும். உக்காந்துகிட்டு என்னால கணக்கு சொல்லிக்குடுக்க முடியாது,” என்றாள். புருஷனிடம் சொன்னால் அவர் அண்ணாச்சியிடம்தான் கேட்பார் என்பது அவளுக்குத் தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம், “அண்ணாச்சியவே கேட்டுருவோம்,” என்றாள்.

அன்று சாயங்காலம் அவர் வீக்கத்தைத் தடவ வந்தபோது, டீச்சர் குரலைத் தாழ்த்தினாள்.

“அண்ணாச்சி, மதுரையில ஒரு புது வைத்தியம் வந்திருக்காம். காலைப் பொளக்கவே மாட்டாங்களாம். ரெண்டே ஓட்டை, கடுகு நுழையுத மாதிரி. நம்ம ஊர்ல இன்னும் ஒருத்தருக்கும் தெரியாதாம்.”

ஒருத்தருக்கும் தெரியாது! கத்திவிலக்கியின் காதில் இதைவிட இனிமையான சங்கீதம் கிடையாது. அண்ணாச்சி மெல்ல நிமிர்ந்தார்.

“எனக்குத் தெரியுமே. நானே சொல்லணும்னுதான் இருந்தேன். தங்கச்சிக்கு உடம்பு கொஞ்சம் தேறட்டும்னு பாத்தேன்.”

மறுநாளே குத்தாலிங்கத்தை உலுக்கி எடுத்துவிட்டார். “என்ன வே, ஊருல இல்லாத வைத்தியத்தக் கண்டுபிடிச்சுக் குடுத்திருக்கேன், இன்னும் யோசிக்கீரு! லீவு எழுதிக் குடும் வே!” வேன் பிடித்தது அவர், முன் சீட்டில் உட்கார்ந்தது அவர், மதுரையில் ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரை வந்து டாக்டருக்குத் தைரியம் சொன்னதும் அவர். குத்தாலிங்கத்தையும் என்னையும் பின் சீட்டில் தள்ளியிருந்தார்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை, முட்டியில் சுற்றியிருந்த துணிக்கட்டை லேசாகத் தளர்த்திவிட்டு நர்ஸ், “காலை நீட்டுங்கம்மா,” என்றாள். டீச்சர் பயந்து பயந்து நீட்டினாள். நீண்டது. இரண்டு எட்டு நடக்கவும் வைத்தார்கள். டீச்சருக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. குத்தாலிங்கம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், சொல்வதில் என்ன வெட்கம்? அண்ணாச்சி மட்டும் வராந்தாவுக்குப் போய், குடலிறக்கத்துக்கு வந்திருந்த ஒருவரிடம், “ரெண்டே ஓட்டை வே!” என்று ஆரம்பித்திருந்தார்.

அவர் வெளியே இருக்கிறார், அறைக்குள் ஆபத்தில்லை என்று நான் பிளாஸ்க்கிலிருந்து காப்பியை ஊற்றினேன். அடுத்த கட்டிலில் மாரிக்கண்ணு என்று ஓர் அம்மாள், கோவில்பட்டிப் பக்கம். கல்லுக்கு ஆபரேஷன், நாளைக்குக் காலையில். முகம் வெளிறிக் கிடந்தாள். அப்போது அறைக்குள் ஒரு குரல், அன்பாக, ரொம்ப அன்பாக, கிளம்பியது.

“டாக்டர் சொன்னா சொல்லட்டும்மா. கல்லுக்கெல்லாம் என்னத்துக்குக் கத்தி? எங்க பெரியம்மாவுக்கு இதே மாதிரிதான்…”

திரும்பிப் பார்த்தேன். சந்தேகமேயில்லை, பிரம்மநாயகி டீச்சர்தான். புதிதாக நீட்டிய காலைத் தலையணையில் வைத்துக்கொண்டு, மாரிக்கண்ணு பக்கமாக நன்றாகச் சாய்ந்திருந்தாள்.

ஆக, இது ஒட்டுவாரொட்டி. அகப்பட்டுத் தப்பித்தவர்களைக்கூட விடுவதில்லை. நீங்கள் சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். மாரிக்கண்ணுக்கு எந்த இடத்தில் கல், எவ்வளவு பெரிய கல் என்று நான் உங்களிடம் சொல்லவேயில்லை. ஆனாலும் அதைக் கரைக்க இதற்குள் உங்கள் நாக்கு நுனிக்கு ஒரு சாறு வந்துவிட்டதே, அது என்ன சாறு?