தாங்கும்காரரின் வெதுவெதுப்பான சுவர்

தடித்த வயரைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிற ஓர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர் இருக்கும். விரல் நுனியில் இன்சுலேஷன் டேப்பின் பிசின் எந்நாளும் காயாமல் இருக்கும். வீட்டில் எதைக் காட்டி எதைக் கேட்டாலும் வாயிலிருந்து ஒரே சொல்தான் வரும்: தாங்கும். கால் ஆடுகிற நாற்காலியா? தாங்கும். பரணில் இன்னும் ஒரு பெட்டியா? தாங்கும். நைந்த கொடியில் நனைந்த கம்பளி நாலு? தாராளமாகத் தாங்கும். கொடி அறுந்து கம்பளிகள் சேற்றில் கிடக்கும்போது கேளுங்கள், "அதுவரைக்கும் தாங்கிச்சுல்ல?" என்பார்கள். இப்படிப்பட்டவரிடம் என்னத்தைப் பேசுவது?

நம்முடைய தாங்கும்காரருக்கு ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர் வேலை. மின்சாரத்துக்கும் அவருக்கும் உள்ள ஒரே சொந்தம், மனைவியின் தம்பி எலக்ட்ரீஷியன் என்பதுதான். அந்த மைத்துனரைத் தன் வீட்டில் ஓர் ஆணியைக்கூடத் தொடவிட்டதில்லை. அவன் கூலிக்குச் செய்கிறவன், நான் ஆசைக்குச் செய்கிறவன் என்பது இவர் கட்சி.

வீட்டைக் கட்டியவர்கள் சமையலறையில் மின்சார அடுப்புக்கென்று ஒரு தனி லைன் போட்டிருந்தார்கள். விரல் தடிமனில் கேபிள், மெயின் போர்டில் அதற்கென்றே, சுமை மீறினால் தானாக விழுந்து மின்சாரத்தை நிறுத்துகிற முப்பத்திரண்டு ஆம்ப் டிரிப் சுவிட்ச். அத்தனை பெரிய மாளிகையில் அடுப்பு ஒண்டிக்கட்டையாகக் குடியிருந்தது. இவருக்குப் பொறுக்குமா? முதலில் வெந்நீர்க் கெட்டிலைக் குடிவைத்தார். பின்னால் மிக்ஸி வந்தது, பிரிட்ஜ் வந்தது, பாத்திரம் கழுவும் இயந்திரம் வந்தது, கடைசியில் மனைவி ரொட்டி சுடுவதற்காக வாங்கிய பெரிய ஓவனும் மூட்டை முடிச்சோடு வந்து சேர்ந்தது. எல்லா வயர்களின் வாலையும் அடுப்பு சுவிட்சுக்குப் பின்னால் சுவருக்குள் ஒரே முறுக்காக முறுக்கி, அதன்மேல் டேப்பைச் சுற்றினார், சுற்றினார், டேப் தீரும்வரை சுற்றினார். பிறகு கையைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "தாங்கும்."

தாங்கவில்லை. மெயின் போர்டில் டிரிப் சுவிட்ச் பொத்தென்று விழுந்தது. தூக்கிவிட்டால் மறுபடி விழுந்தது.

மற்றவர்களாக இருந்தால் வயரைச் சரிசெய்வார்கள். இந்த இனம் மனிதர்களைச் சரிசெய்யும். சமையலறைச் சுவரில் ஆணி அடித்து ஒரு மரக்கரண்டியை மாட்டினார். கரண்டி யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டுமே எந்தச் சுவிட்சையும் போடலாம். கல்லூரிக்குக் கிளம்பும் மகள் பல் தேய்த்த நுரையோடு எட்டிப் பார்த்து, "அம்மா, கரண்டி யார்கிட்ட?" என்று கேட்பாள். வந்த விருந்தாளி தண்ணீர் கேட்டால் கொடுப்பார்கள். வெந்நீர் கேட்டால் கரண்டிக்குக் காத்திருக்கச் சொல்வார்கள். குடும்பமே ரயில்வே சிக்னல் மாதிரி இயங்கியது. என்ன பிரயோஜனம்? பிரிட்ஜுக்குக் கரண்டி பிடிக்கத் தெரியாதே! அது நினைத்த நேரத்தில் தானாக உறுமும், சுவிட்ச் விழும்.

"இது ரொம்பப் பயந்த சுவிட்ச்" என்று முடிவுகட்டினார் தாங்கும்காரர். அதைக் கழற்றிவிட்டு அறுபத்து மூன்று ஆம்ப்பில் ஒரு தைரியசாலியை வாங்கி மாட்டினார். அதற்குப் பிறகு எதுவுமே விழவில்லை. கரண்டிக்கு ஓய்வு கிடைத்தது. கூடவே, அடுப்பு சுவிட்ச் இருந்த சுவர் பூனையின் வயிறு மாதிரி எப்போதும் வெதுவெதுப்பாக இருக்க ஆரம்பித்தது.

மனைவி கெட்டிக்காரி. ரொட்டி மாவுப் பாத்திரத்தை அந்தச் சுவரோடு ஒட்டி வைத்தார். ஒன்றரை மணி நேரத்தில் உப்புகிற மாவு முக்கால் மணியில் மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்தது. தெருவே ரொட்டியைப் புகழ்ந்தது. பாதிப் புகழ் தன் சுவருக்குத்தான் என்று தாங்கும்காரர் வாசலில் நின்று போவோர் வருவோரிடமெல்லாம் விளக்கினார்.

புகழ் ஓர் ஓட்டல் மேலாளர் காதுவரை போனது. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வந்து ருசிபார்ப்பதாகவும், பிடித்திருந்தால் தினம் நாற்பது ரொட்டி எடுத்துக்கொள்வதாகவும் சொல்லியனுப்பினார். மனைவிக்கு அன்றிரவு தூக்கமில்லை. நாற்பது ரொட்டி என்றால், முழங்கால் கடுக்க நாளெல்லாம் நின்று செய்கிற துணி ஆலை வேலையை விட்டுவிடலாம்.

வியாழன் காலை பத்து மணி. மாவு உப்பித் தயாராக இருந்தது. மாவு மூட்டை இறக்கித் தர வந்திருந்த எலக்ட்ரீஷியன் தம்பி, மூச்சு வாங்கிக்கொண்டு சுவரில் சாய்ந்தார். சாய்ந்த வேகத்தில் நிமிர்ந்தார்.

"அத்தான், இந்தச் சுவர் ஏன் சுடுது?"

"வெயில் பட்ட சுவர், மச்சான்."

"வெளியில மழை பெய்யுது, அத்தான்."

தம்பி ஆணியிலிருந்த கரண்டியை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, நேரே போய் மெயினை அணைத்தார். பக்கத்தில் அறுபத்து மூன்று ஆம்ப் தைரியசாலி அவரைப் பார்த்து இளித்தான்.

அக்கா கெஞ்சினார். "டேய், இந்தப் பன்னெண்டு ரொட்டிய மட்டும் சுட்டுக்கிறேன்டா. அப்புறம் நீ வீட்டையே பிரிச்சுப்போடு."

"வேணாங்க்கா. நான் பிரிக்க வேண்டியதே இல்லாம போயிரும்."

அடுப்பு சுவிட்சைக் கழற்றினார். டேப் உருகித் தார் மாதிரி ஒழுகியிருந்தது. முறுக்கு கரிக்கட்டையாக இருந்தது. பின்பக்கத்து மரச்சட்டம் ஓர் ஓரத்தில் பழுப்பேறியிருந்தது. தாங்கும்காரர் எட்டிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை எடுத்தார். மறுபடி பையிலேயே செருகிக்கொண்டார்.

"டிரிப் சுவிட்ச் விழுந்தது கோளாறு இல்ல அத்தான்," என்றார் தம்பி, கருகிய வயரைத் திருகியபடி. "வயர் கொதிக்கறதுக்கு முன்னாடி உங்களை எழுப்பிவிட்ட காவக்காரன் அது. நீங்க அவனை அனுப்பிட்டு, நல்லாத் தூங்கறவனாப் பாத்து வச்சிருக்கீங்க. எங்க அந்தப் பழைய சுவிட்ச்?"

இந்த இனம் எதையும் தூக்கிப் போடாது, அது ஒன்றுதான் அன்றைக்கு உதவியது. மேசை இழுப்பறையில், செத்த பல்பு மூன்றுக்கு நடுவே பழைய காவல்காரன் பத்திரமாக இருந்தான். தம்பி அவனை மெயின் போர்டில் மறுபடி வேலைக்கு அமர்த்தினார். கேபிளை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டினார். அடுப்பும் ஓவனும் எவ்வளவு இழுக்கும் என்று சுவரிலேயே பென்சிலால் கூட்டிப் பார்த்து, அவை இரண்டை மட்டும் முறையான கனெக்டரில் இணைத்தார். மற்றவற்றுக்கு அந்த வாரமே தனி லைன் இழுப்பதாகச் சொல்லி எல்லாரையும் காலிசெய்ய வைத்தார்.

மின்சாரம் வந்தபோது மணி பதினொன்று இருபது. மேலாளர் கூடத்தில் பச்சைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போயிருப்பார், ஆனால் ஓவனிலிருந்து வாசனை கிளம்பிவிட்டது. வாசனையை விட்டுவிட்டு எவரால் எழுந்து போக முடியும்? சுடச்சுட அரை ரொட்டியைத் தின்று முடித்துவிட்டு, "திங்கள்லேருந்து அனுப்பிடுங்கம்மா" என்றார். மனைவி சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, முழங்கால் வலியை மறந்து ஒரு குதி குதித்தார்.

திங்கள் விடிந்தது. சுவர் ஜில்லென்று இருந்தது. மாவு எழ மாட்டேன் என்று முரண்டு பிடித்தது. மனைவி அணைத்த ஓவனுக்குள் ஒரு கிண்ணம் வெந்நீர் வைத்து, மாவையும் உள்ளே வைத்து மூடினார். அப்போது கதவோரம் தாங்கும்காரர். ஒரு கையில் பல்பு, மறு கையில் மூன்று முழம் வயர்.

"இங்க பாரு, ஒரே ஒரு பல்புதான். மாவுக்கு இதமா இருக்கும். அடுப்பு லைன்லேருந்து லேசா எடுத்தா..."

மனைவி மரக்கரண்டியை மேசைமேல் ஒரே ஒரு தட்டுத் தட்டினார். பல்பு இழுப்பறைக்குத் திரும்பியது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்ததும் எழுந்துபோய் உங்கள் சமையலறைச் சுவரில், சுவிட்சுக்குப் பக்கத்தில், உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் சிரிக்கலாம். வெதுவெதுப்பாக இருந்து, உங்கள் வாய் தன்னால் "வெயில் பட்ட சுவர்" என்று முணுமுணுத்தால், ஜன்னல் வழியாக ஒருமுறை வெளியே எட்டிப் பாருங்கள். மழை பெய்கிறதா?