அங்கிளுக்கு இன்னொரு டீ

மகாராஜாவை எழுப்ப முடியவில்லை. தண்ணீர் தெளித்தாயிற்று, காதில் கத்தியாயிற்று, உள்ளங்காலில் சீப்பால் கீறியாயிற்று. ஒரு கண்ணைத் திறந்து கூடத் தங்கியிருந்த ஒல்லியைப் பார்த்து "அம்மா" என்றான். மின்விசிறியைப் பார்த்து "வணக்கம் சார்" என்றான். பிறகு மறுபடி குறட்டைக்குள் இறங்கிவிட்டான். அந்தக் குறட்டையில் அடுத்த தெருவில் காயப்போட்ட துணியெல்லாம் ஆடியது.

பரீட்சை முடிந்த சந்தோஷத்தில் முந்தின நாள் வகுப்பே திரண்டு வந்து குடித்திருந்தது. யார் அதிகம் குடிப்பது என்று போட்டி. மகாராஜாதான் ஜெயித்தான். ஜெயித்த சங்கதி அவனுக்கு இன்னும் தெரியாது.

அவன் செல்போனில் அப்பாவிடமிருந்து வந்திருந்த செய்தியைக் காலையில் ஒல்லிதான் பார்த்தான். 'பத்து மணிக்கு வருகிறேன். நீ குடிப்பதாகக் கேள்வி. உண்மையென்றால் பெட்டியைக் கட்டு. படித்தது போதும்.'

மூன்று பேரும் வாடகைக்கு இருந்த அந்த வீட்டின் பின்கட்டில் தரையே தெரியவில்லை. எங்கும் காலி பாட்டில். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினால் ஒரு கப்பல் மிதக்கும்.

"பழைய சாமான் கடைக்குப் போன் பண்ணிட்டேன்டா. ஆள் வந்து அள்ளிட்டுப் போயிடுவாரு," என்றான் மூன்றாமவன். வாயைத் திறந்தால் பொய்கள் வரிசையில் நின்று வரும் என்பதால் அவனுக்கு வக்கீல் என்று பெயர்.

"அதுக்குள்ள அப்பா வந்துட்டா? நாம ஆளைப் பார்த்ததுகூட இல்லையேடா!"

"முன்ரூம்ல உட்கார வெச்சு நான் பேசிக்கிறேன். நீ பின்பக்கத்தைப் பாரு."

சொல்லி வாய் மூடவில்லை, வாசலை அடைத்துக்கொண்டு ஒரு பைக் வந்து நின்றது. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, நிலைப்படியில் இடிக்கும் உயரம்.

"வாங்க அங்கிள், வாங்க!" காலில் விழாத குறையாக வக்கீல் வரவேற்றான்.

"சீக்கிரம் காட்டுங்க தம்பி. எனக்கு வேற வேலை கிடக்கு."

"லைப்ரரிக்குப் போயிருக்கான் அங்கிள். லீவு நாள்லகூட படிப்பு, படிப்பு, படிப்புதான்!"

"யாரு?"

"யாருன்னு கேக்கறதைப் பாரு! அங்கிள் பெரிய தமாஷ் பேர்வழி! டேய் ஒல்லி, அங்கிளுக்கு ஒரு டீ!"

டீ வந்தது. பிஸ்கட் வந்தது. இருமல் மருந்தை மோந்தாலே மகாராஜாவுக்கு மயக்கம் வந்துவிடும் என்ற அரிய தகவலும் வந்தது. வந்தவர் முழித்தார். ஆனாலும் இரண்டாவது டீயை வேண்டாம் என்று சொல்லவில்லை.

பின்கதவு தட்டப்பட்டது. ஒல்லி திறந்தான். கசங்கிய சட்டையும் தோளில் பெரிய பையுமாக ஒருவர் வியர்த்து நின்றார்.

"முன்னாடி பைக் மறிச்சுக்கிட்டு நிக்குது. அதான் சுத்தி வந்தேன். இங்க..."

"உஷ்! இதே வீடுதான். உங்களுக்காகத்தான் தவம் கிடக்கறேன். மெதுவா வாங்க பெரியவரே."

உள்ளே வந்தவர் தரையைப் பார்த்தார். பை தோளிலிருந்து நழுவியது.

"இவ்வளவுமா?"

"பை பத்தாது. போர்வை தர்றேன், அதுல கட்டுங்க. சத்தமே வரக்கூடாது. என் ஃப்ரெண்டோட அப்பா முன்ரூம்ல உட்கார்ந்திருக்காரு."

"அப்பாவா? முன்ரூம்லயா?"

"ஆமா. சரியான முசுடு. விஷயம் தெரிஞ்சுது, பையன் படிப்பு காலி."

பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மூலையில் கிடந்த மகாராஜா ஒரு குறட்டை விட்டான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"என்ன சத்தம் அது?" முன்னாலிருந்து குரல்.

"பக்கத்து வீட்ல மரம் அறுக்கறாங்க அங்கிள்!"

"போச்சுடா!" ஒல்லி பதறினான். "பெரியவரே, கொஞ்சம் கால்பக்கம் பிடிங்க. இவனை பாத்ரூம்ல போட்டுடலாம்."

தூக்கினார்கள். பாதி வழியில் மகாராஜா ஒரு கண்ணைத் திறந்து, "அப்பா," என்றான்.

"கண்டுக்காதீங்க. காலைல என்னை அம்மான்னான்."

"தினமும் இப்படித்தானா?" பெரியவர் கேட்டார்.

"சேச்சே! பரீட்சை முடிஞ்சா, லீவு விட்டா, அவ்வளவுதான். ஆனா அந்த ஒரே நாள்ல வருஷத்துக்கும் சேர்த்துக் குடிச்சுத் தொலைக்கறான். ராத்திரி பூரா நான் தூங்கலீங்க. வாந்தி தொண்டையில அடைச்சுக்குமோன்னு ஒருக்களிச்சுப் போட்டு, மூச்சு வருதான்னு மூக்குல விரலை வெச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். இவங்கப்பா கத்துனா கத்திட்டுப் போறாரு. இவன் கண் முழிக்காமப் போயிட்டா?"

பெரியவர் ஒல்லியின் தலையை ஒரு தடவை தடவிக்கொடுத்தார். பிறகு குனிந்து, ஒவ்வொரு பாட்டிலாக, தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் இடுவதுபோல் போர்வையில் வைத்தார். ஒரு 'டிங்' கேட்கவில்லை. தொழில் சுத்தம் என்றால் இதுதான் என்று ஒல்லி அசந்துபோனான்.

கடைசி முடிச்சு விழும்போது முன்ரூமில் நாற்காலி நகர்ந்தது.

"அங்கிள், இன்னொரு டீ!"

"வயித்துல இடமில்லப்பா!"

வெள்ளைச் சட்டை பின்கட்டுக்கே வந்துவிட்டது. ஒல்லி கைகளை விரித்து மூட்டையை மறைத்து நின்றான். ஒரு துடைப்பத்தைக்கூட மறைக்க வக்கில்லாத உடம்பு அது.

"அது வந்து அங்கிள், சோடா பாட்டில்..." வக்கீல் தொடங்கினான்.

வெள்ளைச் சட்டை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மூட்டையைப் பார்த்தார். முடிச்சைப் பிடித்திருந்தவரைப் பார்த்தார்.

"ஏன் தம்பி, காலி பாட்டில் அள்ளறதுக்கு என்னை வரச் சொல்லிட்டு, பாவம், இந்தப் பெரியவரை மூட்டை கட்ட விட்டிருக்கீங்களே, யாரு இவரு?"